ஜெப எண்ணெயும் சர்க்கரை மாத்திரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மருந்துக் கவுன்டரில் இருபத்திரண்டு வருடம் நின்றவன் நான். பிறந்தது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், பெண் எடுத்தது பெந்தெகொஸ்தே வீட்டில். அதனால் இரண்டு பக்கத்து ஆட்களும் என்னிடம் வருவார்கள். ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது யாராவது ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, ஜெபம் பண்ணியாச்சு. இனி மாத்திரை போடணுமா?" என்பார்கள். அப்படி வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டரும் இல்லை, போதகரும் இல்லை. மாத்திரை எடுத்துக் கொடுத்தவன், வேதம் வாசிக்கிறவன், அவ்வளவுதான்.

ஜெபம் பண்ணின பிறகும் மாத்திரை போட்டால் அது அவிசுவாசம் ஆகாதா?

ஆகாது. எசேக்கியா ராஜாவின் கதையைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள் (2 இராஜாக்கள் 20). மரணத்துக்கு ஏதுவான வியாதி. சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபிக்கிறார். கர்த்தர் கேட்டுவிட்டார், உன்னைக் குணமாக்குவேன், இன்னும் பதினைந்து வருஷம் கூட்டுவேன் என்று வாக்கும் கொடுத்தாயிற்று. அதற்கு அடுத்த வசனத்திலேயே ஏசாயா, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் பிளவையின்மேல் பற்றுப்போட வைக்கிறார். வாக்குக் கொடுத்த பிறகுதான் பற்று வருகிறது, அந்த வரிசையைக் கவனியுங்கள். 'வாக்கு கிடைத்துவிட்டதே, பற்று எதற்கு' என்று எசேக்கியா கேட்கவில்லை. ஏசாயாவுக்கும் அது விசுவாசக் குறைவாகத் தெரியவில்லை.

பிளவை என்றால் எங்கள் பக்கம் சர்க்கரைக்காரர்களுக்கு முதுகில் வருகிற அதே ராஜபிளவைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். எசேக்கியாவுக்கு வந்தது அதுதானா என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு ஒரு அக்கா ஞாபகம் வருகிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காணிக்கை எண்ணுகிற தம்பிமார் இரண்டு மாத்திரை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். காணிக்கைப் பையில் கிடந்ததாம். ஒன்று மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரை, இன்னொன்று ரத்தக் கொதிப்பு மாத்திரை. மெட்ஃபார்மின் அட்டையில் மூன்று குழிதான் காலியாக இருந்தது. யார் போட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த புதன்கிழமை அந்த அக்காவை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டார். போதகர் அவரிடம் மாத்திரையை நிறுத்து என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் 'மருந்தை நம்பாதே, மகிமையை நம்பு' என்ற மாதிரி ஒரு எதுகை மோனைப் பிரசங்கம் செய்திருந்தார். மேடைக்கு அது அழகாகத்தான் இருந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு சர்க்கரை நோயாளி அதைத் தனக்கான கட்டளையாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

ஆசா ராஜா வைத்தியரைத் தேடினதால்தானே செத்தான்?

இந்த வசனத்தை எடுத்துக்கொண்டு வராத ஆளே இல்லை. 2 நாளாகமம் 16:12: "அவன் தன் வியாதியிலும் கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே தேடினான்."

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு 'உம்' இருக்கிறது. வியாதியில் என்று இல்லை, 'வியாதியிலும்' என்று இருக்கிறது. அப்படியானால் வேறு எதிலோ முன்பே அப்படிச் செய்திருக்கிறான் என்று அர்த்தம். அதே அதிகாரத்தின் மேற்பகுதியைப் பாருங்கள். யுத்தம் வந்தபோது ஆலயத்தின் வெள்ளியையும் பொன்னையும் எடுத்துச் சீரியா ராஜாவுக்கு அனுப்பி உதவி கேட்கிறான். அதைக் கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனைக் காவலறையில் போடுகிறான். கடவுள் பக்கமே திரும்பாத ஒருவனின் பிடிவாதம்தான் அங்கே பேச்சு. பரிகாரி அந்தக் கதையில் கடைசியாக வந்து சேருகிறவர். அவர் கொடுத்த கஷாயத்தின்மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை.

யாக்கோபு எண்ணெய் பூசித்தானே ஜெபிக்கச் சொல்கிறார்? ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லவில்லையே?

யாக்கோபு 5:14 சொல்வது இது: வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும், அவர்கள் கர்த்தருடைய நாமத்தினாலே எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும். அந்தக் காலத்தில் எண்ணெயே மருந்துதான். நல்ல சமாரியன் அடிபட்டவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான் என்று லூக்காவில் இருக்கிறது. இங்கே எண்ணெய் மருந்தா, அபிஷேகத்தின் அடையாளமா என்று வேத பண்டிதர்கள் இன்றும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். எப்படி எடுத்துக்கொண்டாலும் மருந்து கூடாது என்பதற்கு அந்த வசனத்தில் இடமில்லை.

எனக்கு அந்த வசனத்தில் பிடித்தது 'வரவழைப்பானாக' என்பதுதான். நோயாளி படுத்திருக்கிற இடத்துக்கு மூப்பர் வர வேண்டும். இப்போது நடப்பது தலைகீழ். காய்ச்சலோடு பஸ் ஏறி, மைதானத்தில் மணிக்கணக்காக வெயிலில் உட்கார வேண்டியிருக்கிறது.

நடைமுறை விஷயம் ஒன்று. ஜெப எண்ணெயை நெற்றியில் பூசுங்கள். சர்க்கரைக்காரரின் கால் புண்ணில் ஊற்றாதீர்கள், கண்ணில் விடாதீர்கள். தூசி படிந்த மூடியோடு ஜன்னல் ஓரத்தில் ஒரு வருடமாக இருக்கிற பாட்டில் அது.

'தழும்புகளால் குணமானீர்கள்' என்று எழுதியிருக்கும்போது எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்வதே மறுதலிப்பு இல்லையா?

இதுதான் எனக்குப் பயம் தருகிற கேள்வி. ஏசாயா 53:5-இல் 'குணமாகிறோம்'. 1 பேதுரு 2:24-இல் 'குணமானீர்கள்'. பேதுரு அந்த வசனத்தில் பாவத்துக்குச் செத்து நீதிக்குப் பிழைப்பதைப் பற்றிப் பேசுகிறார். மத்தேயு 8:17 ஏசாயாவின் அதே அதிகாரத்தை உடம்பு நோய்க்கும் சேர்த்துச் சொல்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் 'வாயால் சுகத்தை அறிக்கை செய், அறிகுறி தெரிந்தால் அது பிசாசு காட்டுகிற பொய்' என்கிற போதனை இந்த இரண்டு வசனத்திலும் கிடையாது.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு நடந்த கதை. 1973-இல் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் பார்ஸ்டோ என்ற ஊர். பதினொரு வயதுப் பையன், இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவன். சுகமளிக்கும் கூட்டத்தில் ஜெபித்த பிறகு அவன் குணமாகிவிட்டான் என்று நம்பி, பெற்றோர் இன்சுலினைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். பையன் வாந்தி எடுத்தான், துவண்டான். அதையெல்லாம் சாத்தானின் பொய் அறிகுறி என்று நம்பி ஜெபித்துக்கொண்டே இருந்தார்கள். பையன் இறந்துபோனான். அப்புறமும் அவர்கள் வைத்தது அடக்க ஆராதனை இல்லை, உயிர்த்தெழுதல் ஆராதனை. கோர்ட்டு அவர்களைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்த பெற்றோர் அவர்கள். பின்னாளில் தங்கள் தவறை வெளிப்படையாக எழுதி ஒத்துக்கொண்டார்கள்.

மருந்தே வேண்டாம் என்கிற போதனை எங்கிருந்து வந்தது?

பழைய சபைகளில் இது பொதுப் போதனையாக இருந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஓர் அலையாக எழும்பியது. அதில் பெரிய பெயர் ஜான் அலெக்சாண்டர் டவி. சிகாகோவுக்கு வடக்கே சயோன் என்று ஒரு ஊரையே கட்டினவர். அங்கே டாக்டருக்கும் மருந்துக் கடைக்கும் இடமில்லை. 1902-இல் அவருடைய சொந்த மகள் சாராய விளக்கு கவிழ்ந்து தீக்காயப்பட்டு இறந்தார். 1905-இல் டவிக்கே பக்கவாதம் வந்தது, 1907-இல் காலமானார். டவி போன பிறகும் போதனை போகவில்லை. சயோனிலிருந்து கிளம்பிய பலர் ஆரம்பகாலப் பெந்தெகொஸ்தே ஊழியர்களாக ஆனார்கள்.

நம் பக்கத்தில் மருந்து எடுக்காத கொள்கைக்குப் பெயர்பெற்றது சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன். கேரளத்தில் ராமன்குட்டி என்று பிறந்து பாஸ்டர் பால் ஆனவர், 1920-களில் கொழும்பில் தொடங்கியது. வெள்ளை உடை, மணம் முடிக்காத ஊழியர்கள், 'தெய்வீக சுகம்'. இன்று தலைமையிடம் தாம்பரம் பக்கத்து இரும்புலியூர். அவர்களுடைய எளிய வாழ்க்கையை நான் மதிக்கிறேன். ஒரு வயது வந்த ஊழியர் தனக்கு மருந்து வேண்டாம் என்று தீர்மானிப்பது அவர் முடிவு. அதையே விசுவாசிகளின் பிள்ளைகளுக்கும் அளவுகோலாக்கினால் நான் எதிர்ப்பேன்.

பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகள் மருந்தை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டன. என் மாமனார் சபையில் பாஸ்டரே என்னிடம்தான் பிரஷர் மாத்திரை வாங்குவார். மேடையில் மட்டும் பழைய மொழி அப்படியே இருக்கிறது.

அப்படியானால் மிஷன் ஆஸ்பத்திரிகளைக் கட்டினவர்கள் விசுவாசம் இல்லாதவர்களா?

கேட்டவர் கிண்டலாகத்தான் கேட்டார். ஆனாலும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் வரலாற்றை மறந்துவிட்டு இந்த விவாதத்தைச் செய்கிறார்கள். ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டர் 1819-இல் கப்பலேறி யாழ்ப்பாணம் பண்டத்தரிப்புக்கு வந்தார். பிறகு சென்னைக்கும் வந்தார். 1847-இல் அதே யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் கிரீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். கன்னியாகுமரிப் பக்கம் நெய்யூரில் லண்டன் மிஷனின் மருத்துவப் பணி 1838-இல் தொடங்கியது.

ஸ்கடரின் பேத்தி ஐடாவின் கதை ஞாயிறு பள்ளியில் எல்லோரும் கேட்டதுதான். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆட்கள் வந்து கதவைத் தட்டுகிறார்கள். பிரசவ வேதனையில் மனைவி. ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவு ஐடா ஜெபித்தார் என்றுதான் சொல்கிறோம். ஜெபித்து எழுந்தவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துவிட்டு வந்து, 1900-இல் வேலூரில் ஒரு படுக்கையோடு தொடங்கினார். அதுதான் இன்றைய சி.எம்.சி.

மேடையில் சாட்சி சொல்கிறவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்களா?

இல்லை. நான் பார்த்தவரை பெரும்பாலானவர்கள் மனதார நம்பித்தான் சொல்கிறார்கள். குழப்பம் வேறு இடத்தில்.

முதலில் சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற சர்க்கரை. இன்சுலின் ஆரம்பித்த சில வாரத்தில், மிச்சமிருக்கிற கணையச் செல்கள் கொஞ்சம் மூச்சு வாங்கி எழுந்து வேலை செய்யும். இன்சுலின் தேவை மளமளவென்று குறையும். சிலருக்குக் கிட்டத்தட்ட தேவையே இல்லாமல் போகும். டாக்டர்கள் இதைத் 'தேனிலவுக் காலம்' என்பார்கள். சில வாரமோ சில மாதமோ இருக்கும், பிறகு போய்விடும். அந்த நேரத்தில் ஒரு ஜெபக் கூட்டம் நடந்திருந்தால் யாரால் சாட்சி சொல்லாமல் இருக்க முடியும்? நானே அந்தத் தகப்பனாக இருந்தால் மைக்கைப் பிடித்திருப்பேன்.

அடுத்தது எச்.ஐ.வி. கூட்டு மருந்தைத் தவறாமல் போடுகிறவருக்கு, ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை பார்க்கிற பரிசோதனையில் 'தென்படவில்லை' என்று வரும். மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். இதைப் பிடித்துக்கொண்டு 'நெகடிவ் ஆகிவிட்டது' என்று சாட்சி சொல்லி, மருந்தை விட்டுவிடுவார்கள். உடம்பில் ஒளிந்திருக்கிற வைரஸ் சில வாரத்தில் திரும்பி வந்துவிடும்.

டி.பி.யும் அப்படித்தான். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிற அந்த மாத்திரையை ஒரு மாதம் விழுங்கினாலே இருமல் அடங்கும், பசி எடுக்கும், முகத்தில் களை வரும். ஆனால் கோர்ஸ் ஆறு மாதம். நடுவில் விட்டால் மருந்துக்கு அடங்காத டி.பி.யாகத் திரும்பும், அதே பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கும் தொற்றும்.

வலி இன்னொரு மாதிரி. பாட்டு, கூட்டம், கண்ணீர், எதிர்பார்ப்பு எல்லாம் சேரும்போது முழங்கால் வலி உண்மையாகவே குறையும். ஊன்றுகோலைப் போட்டுவிட்டு நடப்பதும் உண்மை. மறுநாள் காலையில் அவர் வீட்டுக்கு மைக் போவதில்லை.

சரி, அதிசயமே நடப்பதில்லையா? நான் நம்புகிறவன், நடக்காது என்று சொல்ல மாட்டேன். சோதித்துப் பார்ப்பது பாவமில்லை என்று மட்டும் சொல்வேன். பிரான்சில் லூர்து நகரில் 1883 முதல் மருத்துவர் குழுவே இருக்கிறது. சுகமானதாக அங்கே பதிவானவை ஏழாயிரத்துக்கும் மேல். திருச்சபை அதிசயம் என்று ஒத்துக்கொண்டது எழுபதைச் சற்றுத் தாண்டியவற்றை மட்டும். இயேசுவே பத்துக் குஷ்டரோகிகளிடம் "நீங்கள் போய், ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள்" என்றார். நியாயப்பிரமாணத்தின்படி குஷ்டம் போய்விட்டதா என்று பார்த்துச் சொல்கிற ஆள் ஆசாரியன். இன்றைக்கு அந்த வேலையை லேப் செய்கிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற சர்க்கரை டெஸ்ட் எடுத்துவிட்டுச் சாட்சி சொல்லுங்கள்.

எந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து?

எதையுமே நீங்களாக நிறுத்தக் கூடாது. ஆனாலும் சில மருந்துகள் தவணை கொடுக்காது:

- இன்சுலின். முதல் வகைச் சர்க்கரையில் ஓரிரு நாளில் உயிருக்கு ஆபத்து. வாந்தி, வயிற்று வலி, மேல்மூச்சு, வாயில் பழ வாசனை, மயக்கம் வந்தால் ஜெபிக்கிறவரையும் ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போங்கள்.
- வலிப்பு மாத்திரை. நிறுத்தினால் விடாத வலிப்பு வரலாம்.
- நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர்களின் ரத்தம் உறையாமல் தடுக்கிற மாத்திரை. அடைப்பு திரும்ப வரும்.
- நாள்பட்ட ஸ்டீராய்டு. உடம்பு சொந்தமாகச் சுரப்பதை நிறுத்தியிருக்கும், சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.
- சிறுநீரகம் மாற்றியவர்களின் மருந்து. இதை விளக்கவே வேண்டாம்.

பிரஷர் மாத்திரையைத்தான் அதிகம் பேர் விடுகிறார்கள். விட்டாலும் ஒன்றும் தெரியாது என்பதுதான் அதில் உள்ள கண்ணி.

சர்க்கரைக்காரர்கள் உபவாச ஜெபத்தில் இருக்கலாமா?

டாக்டரிடம் கேட்டுவிட்டு இருங்கள். கிளிமெபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், பேச்சு குழறும், ஆள் விழுவார். முழு இரவு ஜெபத்தில் இப்படி ஒருவர் விழுந்தபோது சுற்றி நின்றவர்கள் அபிஷேகம் இறங்கியது என்று கைதட்டினதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கையைத் தொட்டால் சில்லென்று ஈரம். சபை சமையலறையில் சர்க்கரை டப்பா எங்கே என்று தெரிந்த ஓர் ஐயரம்மாதான் (போதகரின் மனைவி) அன்று காப்பாற்றினார். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே தூக்குங்கள்.

வலிப்பும் மனநோயும் பிசாசின் வேலை இல்லையா? வேதத்திலேயே இருக்கிறதே?

மத்தேயு 17-இல் சந்திரரோகியான (வலிப்புள்ள) பையன் தீயிலும் ஜலத்திலும் விழுகிறான், இயேசு பிசாசை அதட்டுகிறார். இருக்கிறது. அதே மத்தேயு 4:24-ஐயும் வாசியுங்கள். பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள், திமிர்வாதக்காரர் என்று தனித்தனியாக அடுக்கியிருக்கிறார். எல்லா வலிப்பும் பிசாசு என்று மத்தேயுவே நினைக்கவில்லை.

வலிப்பு வந்த பிள்ளையை அடித்து, மிதித்து, பட்டினி போட்டு 'விரட்டுவது' ஊழியம் ஆகாது. கட்டிப்போடுவதும் அப்படியே. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். அது தர்கா ஊர். ஆனால் நம் ஜெப வீடுகள் சிலவற்றிலும் ஜன்னல் கம்பியில் சங்கிலி தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். 2017-இன் மனநலச் சட்டம் சங்கிலியில் கட்டுவதை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது.

என் பிள்ளைக்கு எந்த வைத்தியம் என்று முடிவு செய்கிற உரிமை எனக்கு இல்லையா?

உங்கள் உடம்புக்கு நீங்கள் மருந்து வேண்டாம் என்று சொல்லலாம். பிள்ளையின் உடம்பு அப்படி இல்லை. பொறுப்பில் உள்ள குழந்தையை வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டு வேதனைக்கு ஆளாக்கினால், 2015-இன் சிறார் நீதிச் சட்டம் 75-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு.

அமெரிக்காவில் 1998-இல் வந்த ஓர் ஆய்வு, 1975 முதல் 1995 வரை மத நம்பிக்கையால் சிகிச்சை தராமல் இறந்த 172 குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்தது. அதில் 140 பேருக்கு இருந்தது, வைத்தியம் பார்த்திருந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிற நோய்கள். நிமோனியா, சர்க்கரை, குடல்வால் மாதிரி நாம் தினம் பார்க்கிறவையும் அதில் உண்டு.

பிரசங்கிகளுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. 1954-இன் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், தாயத்து, மந்திரம் போன்றவற்றால் புற்றுநோய், சர்க்கரை, வலிப்பு போன்றவை குணமாகும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. போஸ்டர் அச்சடிக்கிறவர்கள் கவனிக்கவும்.

ஜெபம் வேலை செய்கிறதா என்று யாராவது சோதித்திருக்கிறார்களா?

2006-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. இதய பைபாஸ் செய்த 1,802 பேர். முன்பின் தெரியாதவர்கள் ஜெபித்த குழுவில் 52 சதவீதத்தினருக்குச் சிக்கல், ஜெபிக்காத குழுவில் 51. தங்களுக்காக ஜெபம் நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்திருந்தவர்களுக்கு 59. 'ஜெபிக்கிற அளவுக்கா என் நிலைமை' என்று பயந்திருப்பார்களோ என்று சிலர் ஊகித்தார்கள்.

இது எனக்கு அதிர்ச்சி தரவில்லை. கடவுளை இரண்டு குழுவாகப் பிரித்து எண்ண முடியும் என்று நான் முதலிலேயே நினைக்கவில்லை. ஆனால் ஜெபம் நிரூபிக்கப்பட்ட வைத்தியம் என்று யாராவது மேடையில் சொன்னால், இந்த எண்களை அவருக்கு அனுப்புங்கள்.

கத்தோலிக்கர்கள், யெகோவாவின் சாட்சிகள் என்ன சொல்கிறார்கள்?

கத்தோலிக்க வேதாகமத்தில் சீராக் 38 இருக்கிறது; மருத்துவரை மதி, மருந்தை ஆண்டவர்தான் நிலத்திலிருந்து படைத்தார் என்று நேராகவே சொல்கிறது. வேளாங்கண்ணியில் வெள்ளியில் கை கால் செய்து காணிக்கை வைக்கிறவர்களும் மறுநாள் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறார்கள், அவர்களுக்கு அதில் முரண் தெரிவதில்லை. யெகோவாவின் சாட்சிகள் மருந்து, அறுவை சிகிச்சை எல்லாம் ஏற்பார்கள், ரத்தம் ஏற்றுவதை மட்டும் மறுப்பார்கள்.

இவ்வளவு ஜெபித்தும் சுகம் வரவில்லை. என் விசுவாசத்தில்தான் குறையா?

இதை யார் உங்களிடம் சொன்னார்களோ, அவர்களிடம் மூன்று பேரைப் பற்றிக் கேளுங்கள். பவுல் தன் மாம்சத்தில் முள் நீங்க மூன்று தரம் வேண்டினார், "என் கிருபை உனக்குப் போதும்" என்பதுதான் பதில். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு. அவருக்குப் பவுல் சொன்னது, கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள் என்பது. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று பவுலே எழுதுகிறார். தன் கைக்குட்டையைக் கொண்டுபோய் வைத்தாலே வியாதி நீங்கின மனுஷர் அவர். அவருடைய கூட்டாளி படுக்கையில். பவுலோடு கடைசிவரை இருந்தவர் யார் தெரியுமா? "பிரியமான வைத்தியனாகிய லூக்கா".

பெரும்பாடுள்ள (உதிரப்போக்கு நிற்காத) ஸ்திரீ வைத்தியர்களிடம் போய் இன்னும் மோசமானாள் என்று மாற்கு எழுதுகிறார். லூக்கா அதே கதையை எழுதும்போது, யாராலும் குணமாக்க முடியவில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். தொழில் பாசம் என்று நான் சிரித்துக்கொள்வேன்.

சுகமாகாத நோயாளியிடம் 'உனக்கு விசுவாசம் போதவில்லை' என்று சொல்வது, ஏற்கெனவே படுத்திருக்கிறவரின் மேல் இன்னொரு பாரத்தை ஏற்றுவது. புற்றுநோயின் கடைசி நாட்களில் ஒரு அம்மா என்னிடம் வலி மருந்து வாங்க வந்த மகளிடம், "சபைக்காரங்களுக்குத் தெரிய வேண்டாம், கவர்ல போட்டு வாங்கிட்டு வா" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்தக் கறுப்புக் கவரை நான் மறக்கவில்லை.

மாத்திரையை நிறுத்திப் பத்து நாள் ஆகிவிட்டது. இப்போது என்ன செய்ய?

இன்றைக்கே போங்கள். இன்சுலின் என்றால் இன்றைக்கே என்பதுகூடத் தாமதம், இப்போதே. விட்ட நாளுக்கும் சேர்த்து இரண்டு இரண்டாகப் போடாதீர்கள். டி.பி. மருந்தும் வலிப்பு மருந்தும் எங்கிருந்து, எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். டாக்டரிடம் 'ஊருக்குப் போயிருந்தேன், மறந்துவிட்டேன்' என்று மழுப்ப வேண்டாம். ஜெபம் பண்ணி நிறுத்தினேன், இத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லிவிடுங்கள். இதை அவர்கள் புதிதாகக் கேட்கவில்லை. திட்டினால் ஒரு நிமிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்துச் சீட்டு தொலைந்திருந்தால் காலி அட்டையை எடுத்துப் போங்கள், பின்பக்கத்தில் பெயர் இருக்கும். அட்டையையும் காணிக்கைப் பையில் போட்டுவிட்டீர்கள் என்றால், காணிக்கை எண்ணுகிற தம்பிமாரிடம் கேளுங்கள். எங்கள் சபையில் அவர்கள் அதைத் தனியாக எடுத்து வைக்கிறார்கள்.